மாரியில் தோட்டக்காரருக்கு லீவா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2024 ஒக்ரோபர் 19

யாழ்ப்பாணத்தில் ஐப்பசி பிறந்தால் மழை. மழை வந்தால் இறைப்பு இல்லை. இறைப்பு இல்லையென்றால் தோட்டக்காரருக்கு வேலையும் இல்லை. நான் இருக்கிற ஒன்ராறியோவில் கமக்காரர்கள் சோளம் வெட்டி முடிந்ததும் மெசின்களைக் கொட்டிலுக்குள் விட்டுப் பூட்டிவிடுவார்கள். வசதியுள்ளவர்கள் புளோரிடாவுக்கே போய்விடுவார்கள். ஊரிலும் கிட்டத்தட்ட அப்படித்தானே? என் அம்மப்பா கார்த்திகை, மார்கழி முழுக்கச் சாய்மனைக் கதிரையில் போர்த்துக்கொண்டு இருந்ததுதான் எனக்கு ஞாபகம். தை பிறக்கும்வரை லீவு என்று சொன்னால் பிழையா?

ஒக்ரோபர் 20

அம்மப்பா கதிரையில் இருந்தார், சரி. அம்மம்மா எங்கே இருந்தார்?

நாங்கள் வலிகாமம் கிழக்கில் தோட்டம் செய்கிறோம். செம்மண் தறை, அதாவது தோட்டக் காணி, 15 பரப்பு, ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. தாழ்ந்த பக்கத்தில் எனக்குச் சீதனமாக வந்த வயல் துண்டு ஒன்று. இரண்டு மாடு, கொஞ்ச ஆடு, கோழி.

இறைப்பு இல்லை என்பது உண்மை. கோடையில் வெங்காயத்துக்கு மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் கட்ட வேண்டும். விடியமுன்னம் இவர், என் மனுசன், தண்ணீர் இறைக்கிற மெசினை இயக்க, நான் மண்வெட்டியோடு வாய்க்காலை மறித்து மறித்துப் பாத்திக்குத் திருப்புவேன். அந்த ஓட்டம் ஐப்பசியோடு நிற்கிறது. நிற்பது அது ஒன்றுதான். "மழை வரட்டும் பார்ப்பம்" என்று கோடை முழுக்கத் தள்ளிவைத்த அத்தனை வேலையும் அடுத்த நாளே வாசலில் வந்து நிற்கும். கோடை வேலைக்கு ஒரு முடிவு உண்டு. தண்ணீர் கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேர்ந்தால் அன்றைய வேலை சரி. மாரி வேலைக்கு அப்படி ஒரு கடைசிப் பாத்தி கிடையாது.

ஒக்ரோபர் 23

"தள்ளிவைத்த வேலை என்றால் என்ன?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இன்று செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் விறகு. கங்குமட்டை, கொக்கறை, பன்னாடை, ஊமல், தென்னம்பாளை எல்லாவற்றையும் நனையாத இடத்துக்கு ஏற்ற வேண்டும். காஸ் அடுப்பு இருக்கிறது, மாட்டுக்குக் கஞ்சி வைக்க அது கட்டாது. பிறகு மாட்டுக்கொட்டில் கூரையில் பொத்துப்போன இடத்துக்குக் கிடுகு (பின்னிய தென்னோலை) செருகினோம். பிறகு வெங்காயம்.

விதை வெங்காயம்தான் எங்கள் வீட்டின் பெரிய மனிதர். ஆவணியில் கிண்டியதைப் பிடி பிடியாகக் கட்டி, கொட்டிலில் வளை முழுக்கத் தொங்கவிட்டிருக்கிறோம். கார்த்திகை கழிந்து மழை வெளிக்கிற நேரம் நட வேண்டிய விதை அது. அதுவரை ஈரம் ஏறக்கூடாது, காற்றும் தடைப்படக்கூடாது. மழைக்குப் படங்கை இறக்கினால் புழுங்கும், தூக்கினால் சாரல் அடிக்கும். ஒரு பிடியில் ஒரு காய் அழுகினால் அந்தப் பிடி போய்விடும், பார்க்காமல் விட்டால் பக்கத்துப் பிடியும் போகும். ஒவ்வொரு பிடியாகக் கையால் அமத்திப் பார்த்து, அழுகலைப் பிடுங்கி எறிய வேண்டும். அந்த மணம் கையைவிட்டு எளிதில் போகாது. இந்த வளவில் ஒழுக்கில்லாத கூரை ஒன்று இருக்கிறதென்றால் அது வெங்காயக் கொட்டிலின் கூரைதான். நாங்கள் படுக்கிற அறையில் ஒழுக்குக்கு வாளி வைத்திருக்கிறோம்.

நவம்பர் 3

வேலி.

தீபாவளிக்கு மறுநாளே இவர் வேலியில் இறங்கிவிட்டார். தெரியாதவர்களுக்கு: எங்கள் வேலி உயிர்வேலி. கிளுவை, பூவரசு, முள்முருக்கு இவற்றின் தடிகளைக் கதிகாலாக நடுவோம். நிலம் ஈரமாக இருந்தால்தான் கதிகால் வேர் பிடிக்கும், அதனால் நடுகை மாரியில்தான். பட்ட கதிகாலைப் பிடுங்கிப் புதியது நட்டு, வளர்ந்ததின் தலையை வெட்டி, பழைய கிடுகைக் கழற்றிப் புதியதை வரிந்து கட்ட வேண்டும். வெட்டுகிற குழை வீணாகாது. முள்முருக்குக் குழை ஆட்டுக்கு, பூவரசங்குழை தோட்டத்துக்கு. தறையில் கிடங்கு வெட்டிக் குழையைத் தாழ்த்தி மண்ணை மூடிவிட்டால் மழையில் உக்கி எருவாகிவிடும். 2021இல் அரசாங்கம் ஒரேயடியாக இரசாயன உரத்தை நிறுத்தியபோது ஊரில் பலர் தலையில் கை வைத்தார்கள். குழை தாழ்க்கிற பழக்கத்தை விடாதவர்களுக்கு அடி கொஞ்சம் குறைவு. கொஞ்சம்தான், எங்களுக்கும் அந்தப் போகம் உருளைக்கிழங்கு கோலிக்குண்டு அளவுக்குத்தான் விழுந்தது.

கிடுகு பின்னுவது நான். தென்னோலையைப் பிளந்து, ஊறப்போட்டு, முற்றத்தில் இருந்து பின்ன வேண்டும். இப்போது தேங்காய் விற்கிற விலைக்கு ஓலையையும் விலை பேசுகிறார்கள். மதில் கட்டினால் இந்தச் சோலி இல்லை என்று என் தம்பி ஜெர்மனியில் இருந்து சொல்கிறான். மதில் குழை தராது, ஆடு அதைத் தின்னாது.

வேலியடைப்பு என்றால் பக்கத்து வளவுக்காரர் வந்து நிற்பதும் அதில் சேர்த்திதான். கதிகால் மாற்றும்போது யாராவது அரை அடி அரக்கிவிடுவார்கள் என்று இரண்டு பக்கமும் பயம். பேச்சில்லாத இரண்டு வீட்டுக்காரர்கள் அன்று மட்டும் வேலியின் இரு பக்கமும் நின்று நூல் பிடித்துப் பார்ப்பார்கள். வேலி வழக்கு நடத்தி வளவையே விற்றவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

நவம்பர் 4

மேலே எழுதியதை இவருக்கு வாசித்துக் காட்டினேன். "இஞ்சாரும், கிடுகு பின்னினது நீர், சரி. அலம்பல் வெட்டி, கதிகால் ஏற்றி, கிடங்கு வெட்டினது ஆர்? அதை ஒரு வரியில முடிச்சுப்போட்டீர்" என்கிறார். பதிவு செய்துவிட்டேன்.

நவம்பர் 17

இந்த வாரம் வயல். புரட்டாசியில் புழுதியில் விதைத்தோம், முதல் மழைக்கு முளைத்துவிட்டது. எங்கள் பெரும்போகம் முழுக்க மானாவாரி. வாய்க்கால் இல்லை, குளத்துத் தண்ணீர் இல்லை, வானம்தான். மழைக்கு நெல்லோடு கோரையும் வந்துவிடும். குனிந்து பிடுங்குகிற வேலை பெண்களுக்கு என்று யார் எழுதிவைத்தார்களோ தெரியாது. வரப்பில் நின்று "அந்தா ஒண்டு விட்டுட்டீர்" என்று காட்டுகிற வேலை ஆண்களுக்கு. இல்லை, இவரும் இறங்கிப் பிடுங்கினார். நேற்றுப் பேச்சு வாங்கிய பிறகு.

தேர்தல் முடிந்ததால் வரப்பில் எல்லோருக்கும் அதுதான் கதை. யார் வென்றார், யார் ஏன் தோற்றார் என்பதில் பாதிக் களையை விட்டுவிட்டார்கள்.

ஒருவர், "செலவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே" என்று கேட்டிருக்கிறார். அதுதான் மாரியின் வெளியே தெரியாத பகுதி. ஐப்பசி தொடக்கம் தை வரை வருமானம் என்றால் பால், முட்டை, கொஞ்சம் கீரை. செலவோ இந்த மாதங்களில்தான்: உருளைக்கிழங்கு விதை, மாட்டெரு லொறி, உழவுக்கூலி, மருந்து. அதனால் என் காப்பும் சங்கிலியும் கார்த்திகையில் வங்கிக்கு அடைவு போகும், வெங்காயம் விற்ற பிறகு திரும்பி வரும். ஊரில் ஒரு பெண்ணின் கழுத்தைப் பார்த்தே இப்போது என்ன மாதம் என்று சொல்லலாம். நல்லூர்த் திருவிழாவுக்கு மின்னும், கார்த்திகையில் மஞ்சள் கயிறு.

அடைவு வைக்கப் போன இடத்தில் படிவம் நிரப்பிய பிள்ளை, "அம்மா, உங்கட தொழில்?" என்று கேட்டாள். தோட்டம் என்றேன். "அது ஐயாவின்ர பேரில இருக்கே, உங்களுக்குத் தொழில் இல்லை எண்டு போடுறன்" என்றாள். பிள்ளையில் பிழை இல்லை, படிவத்தில் இருக்கிற இடம் அவ்வளவுதான். வீடு வந்து இவரிடம் சொன்னேன், சிரித்தார். பிறகு சிரித்ததற்கு வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். அன்று மாட்டுக்கு அவரே புல்லு வெட்டினார்.

நவம்பர் 28

மின்சாரம் இல்லை. போனில் சார்ஜ் கொஞ்சம்தான். முந்தநாள் தொடக்கம் விடாத மழை. வயல் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிகிறது. மகளின் உயர்தரப் பரீட்சை தொடங்கிய மறுநாளே இந்தக் கூத்து, இப்போது பரீட்சையைத் தள்ளிவைத்துவிட்டார்கள். வெங்காயப் பிடிகளை வீட்டுக்குள் ஏற்றிவிட்டோம். நாங்கள் அடுப்படியில்.

டிசெம்பர் 2

எல்லோரும் விசாரித்தீர்கள். நாங்கள் சுகம். ஃபெங்கல் என்று பேர் வைத்தார்களாம் புயலுக்கு. அது கரை ஏறியது புதுச்சேரிப் பக்கம், எங்களுக்கு வந்தது அதன் மழை.

தறையில் நட்டிருந்த உருளைக்கிழங்கு அழுகிவிட்டது. முளை வந்த விதையைக் கிளறிப் பார்த்தால் கூழாகக் கிடக்கிறது. வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது. இதைப் பற்றி இன்று அதிகம் எழுத விருப்பமில்லை.

கிணற்றைப் பற்றி எழுதுகிறேன், அது விசயம் உள்ளது. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலில் விழும். வேறு தண்ணீர் எல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி இறங்குகிற இந்த மழைதான். கல்லுக்கடியில் உப்புத் தண்ணீர் கிடக்கிறது, அதற்கு மேலே நல்ல தண்ணீர் மிதக்கிறது. கோடையில் மெசினைப் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடித்தண்ணீர் மேலே ஏறி உவர்த்துவிடும். ஆகவே அடுத்த ஆவணி வரை எங்கள் தோட்டம் குடிக்கப்போவதெல்லாம் இந்த இரண்டு மூன்று மாதத்தில் விழுவதுதான். வெள்ளம் வந்த அன்றே இவர் நெஞ்சளவு சேற்றில் நின்று கிணற்றைச் சுற்றி மண் அணை கட்டினார். வெள்ளம் நேரே கிணற்றுக்குள் பாய்ந்தால் மலசலகூடத் தண்ணீரும் தோட்டத்து உரமும் சேர்ந்து பாயும். நிலத்தால் ஊறி வந்தால் அவ்வளவு கெடுதல் இல்லை. இன்று சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் போட்டுவிட்டுப் போனார். தேத்தண்ணீர் நீச்சல்குள மணம் மணக்கிறது.

ஒக்ரோபரில் மாரி வேலையெல்லாம் பெண்கள் தலையில் என்ற மாதிரி ஒரு தொனியில் தொடங்கினேன். அந்த அணையைக் கட்டுகிற நேரம் பார்த்த பிறகு கொஞ்சம் இறக்கிச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. கொஞ்சம்தான். அவர் கட்டிய அணையை ஊர் வந்து பார்த்துவிட்டுப் போனது. வெங்காயத்தை இரவிரவாக ஏற்றியதை ஒருவரும் பார்க்கவில்லை.

டிசெம்பர் 8

வயதான வாசகர் ஒருவர், "1995 மாரியை மறந்துவிட்டீர்களா?" என்று எழுதியிருக்கிறார். ஐயா, மறக்கிற விசயமா.

அந்த ஒக்ரோபர் 30, யுத்தம் நெருங்கி வந்து ஊரே இடம்பெயர்ந்த நாள். எங்களுக்குக் கலியாணம் முடித்த புதிது. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர முடியாத சனம், மேலே மழை. இவர் சைக்கிளில் அரிசி மூட்டை, நான் ஒரு பையில் உடுப்பு. மாமி மட்டும் விதை வெங்காயம் இரண்டு பிடியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். யாரோ சிரித்தார்கள். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அந்த வெங்காயத்தை உரித்துத்தான் கறி வைத்தோம், நடுவதற்கு மிஞ்சவில்லை.

அடுத்த சித்திரையில் திரும்பி வந்தபோது கதவு, நிலை, மெசின் ஒன்றும் இல்லை. ஆனால் போவதற்கு முதல் ஆவணியில் பனங்கொட்டை அடுக்கிப் பாத்தி போட்டிருந்தோம். மார்கழி, தையில் கிண்டாத கிழங்கு பீலி விட்டு வடலியாகப் பாத்தி முழுக்க எழும்பி நின்றது. இடம் விட்டு நின்றவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டினோம். இப்போது கிணற்றடிக்குப் பின்னால் நிற்கிற பனைகள் அவைதான். அதில் பாதி ஆண் பனை, காய்க்காது. இவர் அதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கிறார், இங்கே எழுத மாட்டேன்.

டிசெம்பர் 16

காய்ச்சல் செய்தி கேள்விப்பட்டிருப்பீர்கள். வடமராட்சிப் பக்கம் சிலர் செத்துப்போனார்கள், எலிக்காய்ச்சல் என்று உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். எலியின் சலம் வெள்ளத்தோடு கலந்து, காலில் இருக்கிற புண், கீறல் வழியாக ஏறுகிறதாம். வயலில் இறங்குகிறவர்களுக்கு டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுக்கிறார்கள். வயல், தோட்டம் என்று திரிகிற உங்கள் ஆட்களுக்குச் சொல்லுங்கள்: வெறுங்காலோடு வெள்ளத்தில் இறங்க வேண்டாம், காய்ச்சலோடு கெண்டைக்கால் உளைந்தால் பனடோலைப் போட்டுவிட்டுக் கிடக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். இவருக்கு நீள றப்பர் சப்பாத்து வாங்கினேன். "இதோட வரப்பில நடக்க ஏலாது" என்று ஒரு நாள் முழுக்கப் புறுபுறுத்தார். போட்டுக்கொண்டுதான் போகிறார்.

மாட்டைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். 2022 டிசெம்பரில் மண்டோஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடுகள் குளிரில் விறைத்துச் செத்தன. அதற்குப் பிறகு வாடைக்காற்று பலத்தால் நான் சும்மா இருப்பதில்லை. கொட்டிலின் வடக்குப் பக்கத்தைக் கிடுகால் மறைத்து, முதுகில் சாக்குப் போட்டு, இரவுக்குப் புகை மூட்டிவிடுவேன். மாடு பால் தருகிறதோ இல்லையோ, பார்க்கிற பார்வையில் மரியாதை தெரிகிறது.

கார்த்திகை விளக்கீட்டுக்கு மழை விட்டது. வாழைக்குற்றி நட்டுத் தீபம் வைத்தோம். வயலுக்கும், எருக்கும்பிக்கும், கிணற்றடிக்கும் ஒவ்வொரு பந்தம்.

டிசெம்பர் 29

எழுத நேரமில்லை. நீங்கள் எல்லோரும் வந்துவிட்டீர்கள்! வெளிநாட்டுச் சொந்தம் நத்தார் லீவுக்கு வந்து நிற்கிறது. மச்சாளின் பிள்ளைகளுக்கு மாடு பார்க்க வேண்டும், கிணற்றில் குளிக்க வேண்டும், நுளம்பு மட்டும் கூடாது. பின்னேரத்தில் கோயிலில் பிள்ளையார் கதை, 21 நாளும் போக வேண்டும், இந்த வருடம் படிக்கிற முறை எனக்கும் இருக்கிறது. விடிய நாலு மணிக்குத் திருவெம்பாவைச் சங்கு ஊதத் தொடங்கினால் அதற்கும் எழும்ப வேண்டும்.

இதற்குள் பனங்கிழங்கு. முதல் பாத்தி கிண்டியாயிற்று. கொட்டையை வெட்டி, உள்ளே இருக்கிற மெத்தென்ற வெள்ளைப் பூரானை எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன், கனடாக் குஞ்சுகள் ஐஸ்கிரீம் மாதிரித் தின்றன. கிழங்கில் ஒரு பங்கு அவித்துப் புழுக்கொடியல், ஒரு பங்கு பச்சையாகப் பிளந்து ஒடியல். இரண்டுக்கும் வெயில் வேண்டும். மார்கழி வெயிலை நம்பிக் காயப்போட்டுவிட்டு வேறு வேலை பார்க்க முடியாது. கறுத்த முகில் தெரிந்தால் ஓடிப்போய் அள்ள வேண்டும், வெளித்தால் திரும்பப் பரப்ப வேண்டும். மச்சாள் ஒரு நாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதைக் கடையில வாங்கலாமே" என்றா. கடைக்கு யார் செய்து கொடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

ஒடியல் கூழ் காய்ச்சுவது எப்படி என்று பாரிஸில் இருந்து எழுதிக் கேட்ட தங்கச்சிக்கு: ஒடியல் மாவை நேரே கூழில் போடாதே. தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த தண்ணீரை ஊற்றி, திரும்பவும் விட்டு, கயர்ப்புப் போகும்வரை செய். பிறகு மீன் தலை, நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, பழப்புளி, அரைத்த செத்தல் மிளகாய். மா கடைசியில். கூழ் குடிக்கப் பிலாவிலை அங்கே கிடைக்காது, கோப்பையில் குடி.

2025 ஜனவரி 12

மழை வெளித்துவிட்டது. வெங்காயம் நடத் தொடங்கிவிட்டோம். வழக்கத்தைவிடப் பிந்தித்தான். வெள்ளம் வடிந்து தறை காயாமல் கொத்த முடியவில்லை. ஈரத்தில் அவசரப்பட்டு நட்டவர்களின் பயிர் இலை முறுகிச் சுருண்டு படுக்கிறது. அது ஈரத்தோடு வருகிற பூஞ்சண நோய். உருளைக்கிழங்கு போன தறையிலும் வெங்காயம்தான். திரும்ப விதைக்கிழங்கு வாங்கக் கழுத்தில் ஒன்றும் இல்லை. நெல்லில் மேட்டுப் பக்கம் தப்பியது, தைப்பூசத்துக்குப் புதிர் (புது நெல்) எடுக்கக் காணும்.

நடுகைக்கு ஆள் பிடிப்பதுதான் இப்போது என் வேலை. எல்லாத் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் நடுகை, எல்லோருக்கும் ஆள் வேண்டும். நடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். விடிய ஏழு மணிக்குக் குந்தினால் மத்தியானம் வரை நிமிர்வதில்லை. கொத்துகிற ஆணுக்கு ஒரு கூலி, நடுகிற பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி, இதுதான் ஊர் நடைமுறை. இந்த முறை வித்தியாசத்தைக் குறைத்துக் கொடுப்போம் என்று இவரிடம் சொன்னேன். பக்கத்துத் தோட்டக்காரர் சண்டைக்கு வருவார் என்றார். வரட்டும், வேலிக்குத்தான் ஏற்கெனவே வந்துவிட்டுப் போயிருக்கிறாரே. இரவு முழுக்கக் கணக்குப் பார்த்து, கடைசியில் கூலியை முழுக்கச் சமனாக்காமல் பாதி வித்தியாசத்தைக் குறைத்து, காலைச் சாப்பாடும் தேத்தண்ணீரும் எங்கள் பக்கம் என்று முடிவாயிற்று. எனக்கு இது போதாது. வெங்காயம் என்ன விலைக்குப் போகிறதென்று பார்த்துவிட்டுத் திரும்பப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். கொப்பியில் திகதி போட்டு எழுதி, கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

நாளைக்கு ஒன்பது பேர் வருகிறார்கள். பாணுக்கும் சம்பலுக்கும் சொல்ல வேண்டும், தேங்காய் விற்கிற விலையில் சம்பலை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.